மகளை பி.எஸ்சி பயோஇன்ஃபர்மேடிக்ஸ் சேர்க்கலாமா? பிளஸ் டூவில் கணக்கு இல்லை

முதுநகர்_வலைக்கடை:

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில் மீன்பிடி வலை, கயிறு, மிதவை விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். மூத்த மகள் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தாள். ப்யூர் சயின்ஸ் குரூப், கணக்கு கிடையாது. டாக்டர் ஆகணும் என்று ஆசைப்பட்டு நீட் எழுதினாள். அரசு சீட்டுக்கு மார்க் எட்டவில்லை. தனியார் மருத்துவக் கல்லூரியை நாங்கள் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

அவளுடைய விலங்கியல் டீச்சர்தான் இந்தப் படிப்பைச் சொன்னார். உயிரியலும் கம்ப்யூட்டரும் சேர்ந்தது, இவளுக்கு நன்றாக வரும் என்றார். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் இருக்கிறதாம், ஹாஸ்டலில் விட வேண்டும். இல்லையென்றால் கடலூரிலேயே பி.எஸ்சி விலங்கியலோ உயிர்வேதியியலோ சேர்த்துவிட்டால் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வருவாள். மச்சான் ஒருத்தர், இன்னொரு வருஷம் நீட் கோச்சிங் அனுப்பு என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.

இது நிஜமாகவே நல்ல படிப்பா, இல்லை டாக்டர் சீட் கிடைக்காத பிள்ளைகளை இழுக்க வைத்த பெயரா? கணக்கு படிக்காதவள் தாக்குப்பிடிப்பாளா? மூன்று வருஷம் முடித்ததும் வேலை கிடைக்குமா? புதுச்சேரியில் இருக்கிறது என்றால் கடலூர்க்காரர்களுக்குச் சீட் தருவார்களா? எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதிக்கும் முதல் பிள்ளை இவள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நெய்வேலி_நிரலன்:

அண்ணே, வேலைதான் முக்கியம் என்றால் நேரே கம்ப்யூட்டர் பக்கம் போகச் சொல்லுங்கள். நான் ரொம்ப வருஷமாக சாஃப்ட்வேரில் இருக்கிறேன். இரண்டும் கலந்த படிப்பு என்றால் இரண்டும் அரைகுறையாகத்தான் வரும். ஒரு பக்கம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவனோடு போட்டி, இன்னொரு பக்கம் மைக்ரோபயாலஜி படித்தவளோடு போட்டி. அதோடு இப்போது ஏஐ வந்துவிட்டது. புரதத்தின் வடிவத்தையே அது சொல்லிவிடுகிறது, அதற்கு நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள். இவள் படித்து முடிக்கும்போது இந்த வேலைக்கு மனுஷ ஆள் தேவைப்படுமா என்று பாருங்கள்.


லாஸ்பேட்டை_வாணி:

அண்ணா, வணக்கம். நான் பி.எஸ்சி, எம்.எஸ்சி இரண்டுமே பயோஇன்ஃபர்மேடிக்ஸ் படித்தவள். பெங்களூரு கம்பெனி ஒன்றுக்கு லாஸ்பேட்டையில் வீட்டிலிருந்தே மரபணுத் தரவுகளை அலசும் வேலை செய்கிறேன். சனி, ஞாயிறுகளில் இந்தப் பாடம் படிக்கும் பிள்ளைகள் சிலருக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி இல்லை, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

நல்ல படிப்புதான். ஆனால் நீட் கிடைக்கவில்லை, சரி இதையாவது படிக்கட்டும் என்று மட்டும் சேர்க்காதீர்கள். இது மருத்துவத்துக்கு அடுத்த படி இல்லை, வேலையே வேறு. டாக்டர் நாள் முழுக்க மனிதர்களைப் பார்க்கிறார். இந்த வேலையில் நாள் முழுக்க எழுத்து வரிசைகளையும் எண்களையும் பார்க்க வேண்டும். ஒரு புரோகிராம் ஏன் ஓடவில்லை என்று மதியம் தொடங்கினால் சாயங்காலம் வரைக்கும் அதே நினைப்பாக இருக்க வேண்டும். அது பிடித்த பிள்ளைக்கு இதைப் போல மனம் நிறைகிற படிப்பு இல்லை. பிடிக்காத பிள்ளைக்கு மூன்று வருஷமும் தண்டனை. என்னோடு சேர்ந்தவர்களில் இரண்டு வகையினரையும் பார்த்திருக்கிறேன்.

எந்த வகை என்று தெரிந்துகொள்ளக் காசு செலவில்லை, கல்லூரியும் வேண்டாம். இன்று ராத்திரியே உங்கள் போனில் யூனிபுராட் (UniProt) என்ற இணையதளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். உலகத்துப் புரதங்களின் வரிசைகளெல்லாம் அங்கே இலவசமாக இருக்கின்றன. P01308 என்று தேடினால் மனித இன்சுலின் வரும். P01317 மாட்டு இன்சுலின், P01315 பன்றி இன்சுலின். மூன்றையும் தேர்ந்தெடுத்து 'அலைன்' என்ற பொத்தானை அழுத்தினால், வரிசைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். ஒவ்வொரு எழுத்தும் ஒரு அமினோ அமிலம்.

ஏன் இன்சுலின் என்றால், பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரித்த மனித இன்சுலின் 1982-ல்தான் மருந்தாக வந்தது. அதற்கு முன்பு சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொண்டதெல்லாம் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்ததுதான். அது நம் உடம்பில் எப்படி வேலை செய்தது? இன்சுலினில் மொத்தம் 51 அமினோ அமிலங்கள், ஏ சங்கிலியில் 21, பி சங்கிலியில் 30. மனிதனுக்கும் பன்றிக்கும் ஒரே ஓர் இடத்தில்தான் வித்தியாசம். மனிதனுக்கும் மாட்டுக்கும் மூன்று இடத்தில். அந்த இடங்களை அவளே கண்டுபிடிக்கட்டும், நான் சொல்ல மாட்டேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்து வராமல் தேடினாள் என்றால் தைரியமாக இந்தப் பக்கம் அனுப்புங்கள். ஐந்து நிமிஷத்தில் போனைக் கீழே வைத்துவிட்டாள் என்றால் அதிலும் தப்பே இல்லை, வேறு நல்ல படிப்புகள் இருக்கின்றன.

கணக்கு விஷயத்துக்கு வருகிறேன், உங்களுக்குப் பெரிய பயம் அதுதான் என்று தெரிகிறது. பல கல்லூரிகளில் பி.எஸ்சி சேர்வதற்குக் கணக்கு கேட்பதில்லை. ஆனால் உள்ளே போனபிறகு கணக்கில்லாமல் ஒரு அடி நகர முடியாது. அதே இன்சுலினிலேயே சொல்கிறேன். அந்த மூன்று இடங்களில் ஒன்றில் ஐசோலூசினுக்குப் பதில் வேலின் இருக்கிறது. இன்னோரிடத்தில் திரியோனினுக்குப் பதில் அலனின். வரிசைகளை ஒப்பிடும் மென்பொருள் இந்த இரண்டையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளாது. பிளோசம் 62 என்று ஒரு அட்டவணை உண்டு, 1992-ல் ஹெனிகாஃப் தம்பதி வெளியிட்டது. அதில் ஐசோலூசின்–வேலின் மாற்றத்துக்கு 3 மதிப்பெண், திரியோனின்–அலனினுக்கு 0. மாறாமல் அப்படியே இருந்தால் ஐசோலூசினுக்கு 4, டிரிப்டோஃபனுக்கு 11. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? இயற்கையில் இந்த இரண்டு அமிலங்கள் எத்தனை தடவை ஒன்றுக்கொன்று இடம் மாறியிருக்கின்றன என்று எண்ணி, சும்மா தற்செயலாக எத்தனை தடவை மாறியிருக்கும் என்பதால் வகுத்து, அதற்கு மடக்கை போட்டால் வருகிறது. அவ்வளவுதான். நிகழ்தகவும் மடக்கையும் தெரிந்தால் புரிந்துவிடும். தெரியாவிட்டால் அட்டவணையை மனப்பாடம் செய்து பரீட்சையில் கக்க வேண்டியதுதான், அப்படிப் பாஸ் செய்பவர்களும் நிறைய.

அதனால் கல்லூரி திறப்பதற்குள் நம் அரசுப் பாடநூலில் பதினொன்றாம் வகுப்புக் கணக்கை எடுத்து மடக்கை, அணிகள், நிகழ்தகவு மூன்று பாடங்களை மட்டும் முடிக்கச் சொல்லுங்கள். தமிழ் வழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வகைநுண்கணிதம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். என்னிடம் வரும் பிள்ளைகளில் ப்யூர் சயின்ஸ் படித்தவர்கள் இருக்கிறார்கள், இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டவர்கள் யாரும் திணறவில்லை.

அடுத்தது, பட்டத்தின் பெயர். இளநிலையிலேயே பயோஇன்ஃபர்மேடிக்ஸ் என்று பெயர் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதுநிலைக்குப் பெரும்பாலான இடங்களில் உயிரியல், உயிர்வேதியியல், கணினி எது படித்தவர்களையும் எடுக்கிறார்கள். உங்கள் மாவட்டத்துச் சிதம்பரத்தில் 1952-ல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். பரோடாவில் பி.எஸ்சி இயற்பியல், அமெரிக்காவில் டாக்டர் பட்டமும் இயற்பியலிலேயே. அதற்குப் பிறகுதான் உயிரியல் பக்கம் வந்தார். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் வடிவத்தைக் கண்டதற்காக 2009-ல் வேதியியல் நோபல் வாங்கினார். புரதக் கட்டமைப்பு படிக்கும் எல்லாப் பிள்ளையும் போட்டுப் பார்க்கும் ராமச்சந்திரன் வரைபடமும் 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல்காரர்கள் போட்டதுதான்.

சரி, அந்தத் தனியார் கல்லூரிக்குப் போனால் என்ன பார்ப்பது? கட்டடத்தையும் ஹாஸ்டல் மெஸ்ஸையும் காட்டுவார்கள், அதைப் பார்த்துவிட்டு மூன்றாம் வருஷப் பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். புரோகிராமிங் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பைத்தானும் ஆர் மொழியும் லினக்ஸும் இருந்தால் நல்லது. வெறும் சி, பெர்ல் என்று நின்றுவிட்டால் பாடத்திட்டம் பழசு. புள்ளியியல் தனித் தாளாக இருக்கிறதா? கம்ப்யூட்டர் லேபில் இணையம் நிஜமாக வேலை செய்கிறதா? இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நான் இளநிலை படித்த இடத்தில் லேபில் இணையம் பெரும்பாலும் வராது. தரவுத்தளங்களைப் பற்றிய பாடத்தைத் தரவுத்தளத்தைத் திறக்காமலே கரும்பலகையில் படம் போட்டு நடத்தினார்கள். டிஎன்ஏ பிரித்தெடுப்பது, ஜெல்லில் ஓடவிடுவது மாதிரி கையால் செய்யும் சோதனைகளும் பாடத்தில் இருக்க வேண்டும். தரவு எங்கிருந்து பிறக்கிறது என்று கண்ணால் பார்க்காத பிள்ளை, அதில் பிழை வந்தால் கண்டுபிடிக்காது.

இன்னொன்று, எனக்கு மனம் கொதிக்கும் விஷயம். கடைசி செமஸ்டர் பிராஜெக்ட். ஊருக்கு ஊர் பிராஜெக்ட் சென்டர்கள் இருக்கின்றன. துளசியிலோ நிலவேம்பிலோ ஒரு வேதிப்பொருளை எடுத்து, ஒரு புற்றுநோய்ப் புரதத்தோடு டாக்கிங் மென்பொருளில் ஒட்டவைத்து, வருகிற எண்ணை அச்சடித்து பைண்டு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். காசு கொடுத்தால் போதும், பிள்ளை ஒன்றும் செய்ய வேண்டாம். டாக்கிங்கில் வரும் மதிப்பெண் ஒரு ஊகம்தான். அதிலிருந்து மருந்துக்கு இன்னும் ஆயிரம் படி ஏற வேண்டும். அது தெரியாமலே பட்டம் வாங்கிவிடுகிறார்கள். வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இந்தப் பிராஜெக்டைப் பற்றித்தான், விலைக்கு வாங்கியது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். மகளை எங்கே சேர்த்தாலும் இதற்கு மட்டும் பணம் கொடுக்காதீர்கள் அண்ணா.

புதுச்சேரி பற்றி. காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் துறை இருக்கிறது, எம்.எஸ்சி-யும் ஆராய்ச்சிப் படிப்பும் உண்டு. மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் கியூட் பிஜி நுழைவுத் தேர்வு எழுதி எந்த ஊர்க்காரரும் வரலாம். இங்கே உள்ள அரசுக் கல்லூரிகளில் இளநிலைச் சேர்க்கை சென்டாக் என்ற புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழு வழியாக, அதில் புதுச்சேரிக்காரர்களுக்குத்தான் முன்னுரிமை. கடலூர் கூப்பிடு தூரம் என்றாலும் எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் வேறு மாநிலம், உங்களுக்கு அது கஷ்டம். பொறியியல் வழியில் என்றால் தஞ்சாவூர் சாஸ்த்ராவில் பி.டெக் இருக்கிறது, ஆனால் கணக்கு படிக்காதவளுக்கு அந்தக் கதவைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

என் மகளாக இருந்தால் என்ன செய்வேன்? அந்தத் தனியார் கல்லூரியில் நான் மேலே சொன்னவை இருந்தால் சேர்ப்பேன். இல்லையென்றால் கடலூரிலேயே உயிர்வேதியியல் சேர்த்துவிட்டு, வீட்டில் பைத்தான் பழகவைத்து, முதுநிலைக்குக் காலாப்பட்டுக்கு அனுப்புவேன். ஹாஸ்டலுக்குக் கொடுக்கும் பணத்தில் எட்டு ஜிபி மெமரி உள்ள ஒரு லேப்டாப் வாங்கிவிடலாம்.


பரங்கிப்பேட்டை_அலை:

ஐயா, நான் இங்கே கடல் உயிரியலில் ஆராய்ச்சி செய்கிறேன். விலங்கியல் சேர்த்தாலும் இந்தப் படிப்பிலிருந்து விலகிப்போய்விட்டதாக நினைக்காதீர்கள். எங்கள் வேலையில் பாதி வாணி அக்கா சொல்வதுதான். கடலூர் துறைமுகத்தில் இறங்கும் மீனில் அரிசி அளவு தசை எடுத்து, சிஓஐ என்ற மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்துகளைப் படித்து, தரவுத்தளத்தோடு ஒப்பிட்டால் எந்த இனம் என்று தெரிந்துவிடும். தலையும் செதிலும் இல்லாமல் துண்டு போட்ட மீனாக இருந்தாலும் சரி, கருவாடாக இருந்தாலும் சரி. குஞ்சு மீன்களைக் கண்ணால் பார்த்து இனம் பிரிப்பது பழகினவர்களுக்கே கஷ்டம், இந்த முறையில் முடிகிறது. உங்கள் கடைக்கு வலை வாங்க வருகிறவர்கள் பிடிக்கும் மீனை வைத்தே அவள் பிராஜெக்ட் செய்யலாம், சென்டருக்குப் போக வேண்டாம்.

கொசுவில் இதே மாதிரி வேலை செய்கிற இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரி இந்திரா நகரில் நோய்ப் பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்துவது. பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி-யும் அங்கே உண்டு. விலங்கியல் படித்தவர்களுக்கு நல்ல வாய்ப்பு.


முதுநகர்_வலைக்கடை:

தங்கச்சி, நேரம் ஒதுக்கி இவ்வளவு எழுதியதற்கு நன்றி. பரங்கிப்பேட்டை தம்பிக்கும் நன்றி. நான் படிக்காதவன், பாதிதான் புரிந்தது, மகள் படித்துக் காட்டிப் புரியவைத்தாள். இரண்டு விஷயம் மட்டும் மனதில் நிற்கிறது. வேலை பற்றி நீங்கள் சொல்லவே இல்லை. நெய்வேலி தம்பி சொன்ன ஏஐ விஷயமும் பயமாக இருக்கிறது.


லாஸ்பேட்டை_வாணி:

அண்ணா, வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். பி.எஸ்சி-யோடு நிறுத்தினால் இந்தத் துறையில் நல்ல வேலை கிடைப்பது அரிது. நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைக் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் கம்பெனிகள் எடுத்துக்கொள்ளும், அதில் குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதற்கு எந்த உயிரியல் பட்டமும் போதும். எனவே மூன்று வருஷம் என்று கணக்குப் போடாதீர்கள், முதுநிலையோடு ஐந்து என்று போடுங்கள். முதுநிலைக்கு மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் நடக்கும் படிப்புகளுக்கு கேட்-பி (GAT-B) என்று தனி நுழைவுத் தேர்வு இருக்கிறது, அதில் தேறிச் சேர்ந்தால் மாத உதவித்தொகையும் வரும். உங்கள் மாதிரி குடும்பத்துக்கு அது பெரிய கை கொடுக்கும்.

முதுநிலைக்குப் பிறகு செய்யும் வேலை எப்படி இருக்கும் என்பதற்கு என் வேலையையே சொல்கிறேன். என்ன நோய் என்று பிடிபடாத ஒரு குழந்தையின் ரத்தத்திலிருந்து டிஎன்ஏ-வைப் படித்து அனுப்புவார்கள். துண்டு துண்டாகக் கோடிக்கணக்கான சிறு வரிசைகள் வரும். ஒவ்வொரு எழுத்துக்கும் அதை எவ்வளவு நம்பலாம் என்ற தரக்குறியும் கூடவே வரும். கெட்டதைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மனித மரபணுத் தொகுதியில் அதனதன் இடத்தில் பொருத்த வேண்டும். முழுத் தொகுதியையும் படித்தால், எந்த மனிதரை எடுத்தாலும் நாற்பது ஐம்பது லட்சம் இடங்களில், ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் குறிப்பு வரிசையிலிருந்து வித்தியாசம் இருக்கும். அதில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. நோய்க்குக் காரணமான ஒன்றையோ இரண்டையோ கண்டுபிடிப்பதுதான் வேலை.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. உலகத் தரவுத்தளங்களில் இருப்பவர்களில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினர். ஒரு வித்தியாசத்தை அங்கே காணோம் என்றால் அது அபூர்வமானதா, இல்லை நம் ஊரில் எல்லாருக்கும் இருப்பதா? அது தெரியாமல் ஒரு தாய்க்கு என்ன பதில் சொல்வது? அதற்காகத்தான் ஜீனோம் இந்தியா திட்டத்தில் பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்து, ஃபரீதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் வைத்திருக்கிறார்கள். 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் வழக்கம் உள்ள நம் பக்கத்தில், பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மரபணு நோய்கள் அதிகம். அதைப் பற்றி இன்னும் எவ்வளவோ பார்க்க வேண்டியிருக்கிறது. நம் குடும்பங்களில் யார் யாருக்கு என்ன முறை, ஒரு ஊருக்குள் எத்தனை வகையறா என்று புரிந்த பிள்ளைகள் இந்த வேலைக்கு வேண்டும். மீனவக் குப்பங்களுக்குப் பக்கத்தில் வளர்ந்த உங்கள் மகளுக்குத் தெரிந்தது பெங்களூரில் பிறந்தவர்களுக்குத் தெரியாது.

நெய்வேலி நண்பர் சொன்ன ஏஐ, ஆல்ஃபாஃபோல்டு. 2024 வேதியியல் நோபலில் பாதி டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் அதற்காகத்தான். மீதிப் பாதி டேவிட் பேக்கருக்கு, புதுப் புரதங்களை வடிவமைத்ததற்காக. நிஜமாகவே பெரிய சாதனை. 20 கோடிக்கும் மேற்பட்ட புரத வடிவங்களைக் கணித்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். நானும் அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அது எதிலிருந்து கற்றது? 1971-ல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் ஆயிரக்கணக்கான ஆய்வகங்கள் ஒவ்வொரு வடிவமாகச் சோதனை செய்து சேர்த்ததிலிருந்து. அது தரும் படத்திலேயே ஒவ்வொரு பகுதிக்கும் நிறம் இருக்கும், அடர் நீலம் என்றால் நம்பலாம், ஆரஞ்சு என்றால் நம்ப வேண்டாம். நிறத்தைக் கவனிக்காமல் ஆரஞ்சுப் பகுதியில் மருந்தை ஒட்டவைத்து அறிக்கை எழுதிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கருவி நன்றாக ஆக ஆக, அது சொல்வது சரியா என்று பார்க்கத் தெரிந்தவர்கள் அதிகம் வேண்டும். உயிரியல் அடித்தளம் இல்லாமல் வெறும் கம்ப்யூட்டர் படித்தால் அதைச் செய்ய முடியாது. இரண்டும் அரைகுறையாக வரும் என்று நண்பர் சொன்னது உண்மைதான், படிப்பு மோசமாக இருந்தால் அப்படித்தான் ஆகும். அதனால்தான் கல்லூரியில் அவ்வளவு கேள்வி கேட்கச் சொன்னேன்.

கூடவே பார்க்க ஒன்று: சென்னை ஐஐடி பேராசிரியர் மைக்கேல் குரோமிஹா, என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் பாடம் நடத்தியிருக்கிறார். பார்ப்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம். நிரல் பழக ரோசலிண்ட் என்ற தளம் இருக்கிறது, டிஎன்ஏ எழுத்துகளை எண்ணுவதிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கணக்காகக் கொடுக்கும்.


முதுநகர்_வலைக்கடை:

வாணி அக்கா, வணக்கம். நான்தான் மகள், அப்பா போனிலிருந்து எழுதுகிறேன். இன்சுலின் பார்த்தேன். நீங்கள் 51 என்று சொன்னீர்கள், ஆனால் மனித வரிசையில் 110 எழுத்து இருக்கிறது. மாட்டில் 105, பன்றியில் 108. தப்பான பக்கத்தைத் திறந்துவிட்டேனோ என்று மறுபடியும் எண்ணைப் போட்டுப் பார்த்தேன், அதேதான் வருகிறது. மூன்று வித்தியாசம் என்றீர்கள், எனக்கு நிறைய வருகிறது. ஆரம்பத்தில் கொஞ்சம், நடுவில் ரொம்ப. நடுவில் மாட்டு வரிசையில் எழுத்தே இல்லாமல் ஐந்து கோடு இருக்கிறது. பன்றிக்கு இரண்டு கோடு. கடைசி 21 எழுத்தில் மட்டும் பார்த்தால் மாட்டுக்கு இரண்டு மாறியிருக்கிறது, பன்றிக்கு ஒன்றும் மாறவில்லை. மிச்சம் ஒன்று எங்கே?


லாஸ்பேட்டை_வாணி:

தப்பான பக்கம் இல்லை கண்ணு, சரியாகத்தான் திறந்திருக்கிறாய். 51-க்குப் பதில் 110 ஏன் என்று நீ கேட்பாயா, பேசாமல் விட்டுவிடுவாயா என்று பார்க்கத்தான் அதை நான் சொல்லவில்லை.

கணையத்தில் இன்சுலின் முதலில் நீளமான ஒரே சங்கிலியாகத்தான் உருவாகிறது. அதற்கு பிரீபுரோஇன்சுலின் என்று பெயர், அதுதான் உன்னுடைய 110. மனித வரிசையில் முதல் 24 எழுத்து, புரதத்தைச் செல்லுக்குள் சரியான இடத்துக்குக் கூட்டிப்போகும் பகுதி, வேலை முடிந்ததும் வெட்டப்பட்டுவிடும். 25 முதல் 54 வரை பி சங்கிலி. 57 முதல் 87 வரை சி பெப்டைடு. 90 முதல் 110 வரை ஏ சங்கிலி, நீ பார்த்த கடைசி 21 அதுதான். நடுவே மிச்சமிருக்கும் இரண்டு இரண்டு எழுத்துகள் வெட்டும் இடங்கள். இப்போது 54-வது எழுத்தைப் பார். மனிதனுக்கு T (திரியோனின்), மற்ற இரண்டுக்கும் A (அலனின்). நீ தேடும் மிச்சம் ஒன்று அதுதான். ஏ சங்கிலியில் நீ கண்டுபிடித்த இரண்டையும் சேர்த்தால் மாட்டுக்கு மூன்று, பன்றிக்கு ஒன்று.

கோடுகள் ஏன் என்றால், சி பெப்டைடு மனிதனுக்கு 31, பன்றிக்கு 29, மாட்டுக்கு 26. குறைகிற இடத்தில் மென்பொருள் கோடு போடுகிறது. 110-லிருந்து ஐந்தைக் கழித்துப் பார், 105 வரும். இன்சுலின் பகுதி செல்லின் மேலிருக்கும் ஏற்பியில் பொருந்தியே ஆக வேண்டும், அதனால் கோடிக்கணக்கான வருஷமாகப் பெரிதாக மாறவில்லை. சி பெப்டைடு இரண்டு சங்கிலிகளும் சரியாக மடிந்து பிணையும்வரை நடுவில் தாங்கி நிற்கிறது, அப்புறம் வெட்டுப்பட்டுவிடுகிறது. அதில் எழுத்து மாறினாலும் அவ்வளவாகப் பாதகமில்லை, அதனால்தான் அங்கே அத்தனை வித்தியாசம்.

வெட்டுப்பட்ட சி பெப்டைடும் இன்சுலினோடு சம அளவில் ரத்தத்துக்கு வரும். மருந்தாகப் போட்டுக்கொள்ளும் இன்சுலினில் அது இருக்காது. ஊசி போடும் நோயாளியின் கணையம் சொந்தமாக எவ்வளவு சுரக்கிறது என்று தெரிய, டாக்டர்கள் சி பெப்டைடு டெஸ்ட் எழுதிக்கொடுப்பது இதனால்தான்.

அடுத்தது P68871, ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி. அரிவாள் செல் நோயில் 6-வது அமினோ அமிலமான குளுட்டாமிக் அமிலம் வேலினாக மாறுகிறது என்று உன் உயிரியல் பாடத்தில் படித்திருப்பாய். யூனிபுராட்டில் அதே மாற்றம் 7-வது இடத்தில் இருக்கும். ஏன் என்று கண்டுபிடித்து எழுது. அப்பாவிடம் சொல், அந்தக் கல்லூரியின் பாடத்திட்டம் அவர்கள் இணையதளத்தில் இருந்தால் ஆறு செமஸ்டரையும் இங்கே போடட்டும், நான் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.